பகடையைத் திட்டும் முன்: 12 எலிமென்ட் படையின் கோளாறுகளும் கைவைத்தியமும்

சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம், இரண்டடிக்கு இரண்டடி பலகை, ஆளுக்கு 12 எலிமென்ட் (சின்ன அடித்தட்டில் ஒட்டிய பொம்மை வீரர் கூட்டம்), ஆளுக்கொரு பகடை. ஒரு மணி நேரத்தில் கிரேக்கரோ பாரசீகரோ தோற்றுவிடுவார்கள். மேசையைத் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்காரலாம். 1990-ல் இங்கிலாந்தில் வெளிவந்த டிபிஏ (டி பெல்லிஸ் ஆண்டிக்விடேடிஸ்) என்ற பொம்மைப் போர் ஆட்டத்தின் விதிகள் பழங்காலப் போரை இந்த அளவுக்குச் சுருக்கிக் கையில் கொடுத்தன. வீட்டில் இடமில்லை, நேரமில்லை, நூற்றுக்கணக்கில் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கப் பொறுமையில்லை என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாசல் எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் சின்னது என்பதால் கோளாறும் சின்னதாக வரும் என்று நினைக்க வேண்டாம். 12-ல் 4 போய், எதிராளியைவிட அதிகமாகவும் இழந்திருந்தால் ஆட்டம் முடிந்தது. அதனால் ஒரு எலிமென்ட் வீணாகப் போனாலே வயிறு எரியும். எரிச்சலில் எல்லாரும் முதலில் பகடையைத்தான் திட்டுவோம். பல வருடம் தோற்றுப் பழகியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்த ஆட்டத்தில் கோளாறு தெரிகிற இடம் ஒன்று, அது தொடங்கிய இடம் வேறு. அதனால் கண்ணில் படுகிற அறிகுறியை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போவதுதான் இங்கே முறை.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. எலிமென்ட் என்பது ஒரே பேஸில், அதாவது அடித்தட்டில், ஒட்டிய பொம்மைகளின் கூட்டம்; பெரும்பாலும் ஒன்று முதல் நாலு பொம்மை வரை இருக்கும். 15 மி.மீ. பொம்மை என்றால் பேஸின் அகலம் 40 மி.மீ.; 25, 28 மி.மீ. பொம்மை என்றால் 60 மி.மீ. அகலம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆழம் மட்டும் மாறும்: 15 மி.மீ. அளவில் ஈட்டிக்காரருக்கு 15, குதிரைக்கு 30, யானைக்கு 40 மி.மீ. ஒவ்வொரு முறையும் ஒரு பகடையை உருட்டி வருகிற எண்தான் உங்கள் கட்டளைப் புள்ளி. ஆடுகிறவர்கள் பிப் என்பார்கள். ஒரு பிப்புக்கு ஒரு எலிமென்ட்டையோ, ஒட்டி நிற்கும் ஒரு குழுவையோ நகர்த்தலாம்.

அறிகுறி: "எனக்கு மட்டும் பகடை விழவே மாட்டேங்குது"

முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 600 தடவை உருட்டிக் குறித்துக்கொண்டால் ஒவ்வொரு எண்ணும் 100 வாக்கில் விழ வேண்டும். 82-லிருந்து 118 வரை இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு எண் கொஞ்சம் தாண்டினாலும் பரவாயில்லை. 140-ஐத் தொட்டால் அந்தப் பகடையைக் குப்பையில் போடுங்கள். என் அக்கா மகன் ஒரு கோடை விடுமுறை மதியம் முழுக்க உட்கார்ந்து என் பச்சைப் பகடையைச் சோதித்தான். பகடையில் ஒரு குறையும் இல்லை. "நீங்கதான் மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அவன் சொன்னதுதான் சரி. கணக்கைப் பாருங்கள். ஈட்டிக்காரருக்குக் காலாட்படையோடு மோதும்போது மதிப்பு 4. ஈட்டியும் ஈட்டியும் நேருக்கு நேர் நின்று ஆளுக்கொரு பகடை உருட்டுகிறார்கள். உங்கள் கூட்டுத்தொகை (மதிப்பும் பகடை எண்ணும் சேர்ந்தது) எதிராளியுடையதில் பாதியோ அதற்குக் குறைவோ ஆனால் உங்கள் எலிமென்ட் அழியும். பாதிக்கு மேல், ஆனால் அவரைவிடக் குறைவு என்றால் பின்வாங்கும். அழிய வேண்டுமானால் நீங்கள் 1 போட்டு அவர் 6 போட வேண்டும். அதாவது 5-க்கு 10. 36-ல் ஒரே ஒரு வாய்ப்பு.

இப்போது உங்கள் ஒரு பக்கத்தில் ஆள் இல்லை, எதிராளியின் இன்னொரு எலிமென்ட் அந்த மூலையை ஒட்டி நிற்கிறது. இதற்கு ஓவர்லாப் என்று பெயர். உங்களுக்கு 1 குறையும். அழியும் வாய்ப்பு 36-ல் 4 ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் ஓவர்லாப் என்றால் 36-ல் 9. நாலில் ஒரு பங்கு! புதிய பதிப்பில் பக்கத்து ஈட்டி தருகிற துணையை இதில் நான் சேர்க்கவில்லை. அது போனால் நிலைமை இன்னும் மோசம். 1, 4, 9 என்று ஏறுகிற அந்த வரிசையைப் பலகையின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பகடை அதேதான், மாறியது பக்கத்தில் நிற்கிற ஆள்.

ஆக, ஒரு எலிமென்ட் செத்ததும் "1 விழுந்துச்சு" என்று சொல்லாமல், அது சாகும்போது இரண்டு பக்கமும் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். யாரும் இல்லையென்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: உங்கள் முறையில் எந்த மோதலை முதலில் தீர்ப்பது என்று முடிவு செய்வது நீங்கள்தான். இடமிருந்து வலமாகப் பழக்கதோஷத்தில் உருட்டாதீர்கள். உங்களுக்கு அதிகச் சாதகமான இடத்தை முதலில் உருட்டுங்கள். அங்கே எதிரி பின்வாங்கினால் அவருடைய பக்கத்து எலிமென்ட்டுக்கு ஓவர்லாப் விழும். அதை அடுத்து உருட்டலாம். ஒரே மாதிரிப் பகடைகள், ஒரே மாதிரி படைகள், வரிசை மட்டும் மாறினாலே முடிவு மாறுவதைப் பார்ப்பீர்கள்.

அறிகுறி: மூன்றாவது முறைக்குள் வரிசை சிதறிவிடுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். என்னிடம் கிரேக்கர், 8 ஈட்டி ஒரே வரிசையாக, மேசைக்குக் குறுக்கே சுவர் மாதிரி. எதிரே அக்கா மகனின் பாரசீகக் குதிரைப்படை. முதல் முறை பிப் 2. சுவர் அப்படியே முன்னால் போனது. செலவு ஒரே புள்ளி. இரண்டாவது முறை 3, மறுபடியும் அப்படியே. மூன்றாவது முறை 5. கை நிறையக் காசு வந்தவன் மாதிரி ஆகிவிட்டேன். இடது ஓரத்து இரண்டு ஈட்டியைப் பிரித்து ஒரு குன்றின் மேல் ஏற்றினேன், தளபதியை நடுவிலிருந்து வலப்பக்கம் தள்ளினேன், பின்னால் இருந்த சைலாய் வீரர்களை (கவசமில்லாத இலகு காலாட்கள்) காட்டுக்குள் விட்டேன். ஐந்து புள்ளியும் தீர்ந்தது. மனசு நிறைந்தது. அடுத்த முறை பகடை 1.

ஒரு பிப், நாலு துண்டுகளாக உடைந்த படை. நடு வரிசையை நகர்த்தினால் குன்றில் இருப்பவர்கள் நிற்பார்கள், குன்றை நகர்த்தினால் நடு நிற்கும். அவனுடைய இலகு குதிரை வந்து இடைவெளியில் நுழைந்து என் மூன்றாவது ஈட்டியின் பக்கவாட்டில் முகத்தை வைத்தது. "மாமா, உங்க ரெண்டாவது ஆள் பின்னாடி போயிட்டாரு. இப்ப இவருக்கு ரெண்டு பக்கமும் காத்தாடுது." பக்கவாட்டில் எதிரியின் முன்விளிம்பு ஒட்டியிருக்கும்போது பின்வாங்க நேர்ந்தால் பின்வாங்க முடியாது, அந்த எலிமென்ட் அழிந்தது. இருவருடைய கூட்டுத்தொகைக்கும் நடுவே வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அந்த ஓட்டை வழியாக இன்னும் மூன்று போயின.

அன்றைக்கெல்லாம் அந்த 1-ஐத் திட்டிக்கொண்டிருந்தேன். கோளாறு 1-ல் இல்லை, 5-ல்தான் இருந்தது.

எதிர்பார்க்க வேண்டியதை எதிர்பாருங்கள்: பத்து முறை ஆடினால் அதில் ஒரு தடவையாவது 1 விழும் வாய்ப்பு 84 சதவீதம். சராசரியாக மூன்று முறைக்கு ஒரு தடவை 1 அல்லது 2 வரும். எனவே திட்டம் 2 பிப்பில் ஓட வேண்டும். ஒரு புள்ளி வரிசைக்கு, இன்னொன்று ஓட்டை அடைக்க. 5, 6 வந்தால் அது தீபாவளி போனஸ். வரிசையைப் பிரிக்காத வேலைக்குச் செலவு செய்யுங்கள், அல்லது செலவே செய்யாதீர்கள். புள்ளியை மிச்சம் விடுவது குற்றமில்லை.

சிதறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு.

நிலம். காடு, சதுப்பு, கரடு போன்ற கடினமான தரையில் ஈட்டியும் வாளும் 2 இழக்கும். வரிசையாகப் போகவும் முடியாது. படையை அடுக்கும்போதே வரிசையின் நேர் எதிரில் ஒரு காட்டின் ஓரம் இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அங்கே வரிசை வெட்டுப்படும். அடுக்கும் முன் ஒரு ஸ்கேலை வரிசையின் அகலத்துக்கு வைத்து எதிரியின் ஓரம் வரை தள்ளிப் பாருங்கள். எதில் இடிக்கிறதோ அங்கே உங்கள் வரிசை உடையும். கடினத் தரையை ஆக்ஸிலியா என்கிற இலகு காலாட்படைக்கும் சைலாய்க்கும் விட்டுவிடுங்கள். அவர்களுக்கு அது சொந்த வீடு. கி.மு. 168-ல் பிட்னாவில் மாசிடோனிய அரசன் பெர்சியஸின் நீண்ட ஈட்டிப் படை முதலில் ரோமரைத் தள்ளிக்கொண்டுதான் போனது. மேடு பள்ளத்தில் வரிசை விட்டுவிட்டுப் போனதும் ரோமர் சின்னச் சின்னக் கூட்டமாக அந்த இடுக்குகளில் நுழைந்தார்கள். முகத்துக்கு நேரே யாராலும் அசைக்க முடியாத படை, பக்கவாட்டில் கைக்குழந்தை. டிபிஏ-வில் நேர்மோதல் மதிப்பும் ஓவர்லாப்பும் காட்டுவது இந்தக் கதையைத்தான்.

துரத்தல். வார்பேண்ட் (ஆவேசமாகப் பாயும் பழங்குடிக் காலாட்படை), நைட் (கனத்த குதிரைப்படை) போன்ற வகைகள் வென்றால் கட்டாயம் துரத்த வேண்டும். உங்கள் வார்பேண்ட் ஜெயித்து முன்னால் ஓடியதும் வரிசையில் பல் விழுந்த மாதிரி ஒரு ஓட்டை. அது விதியின் குற்றமில்லை, வார்பேண்டாக வருகிற கேலியர் போன்ற பழங்குடிகளின் சுபாவம். வார்பேண்டையும் ஈட்டியையும் மாற்றி மாற்றி அடுக்காதீர்கள். ஓடுகிறவர்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் எல்லாரும் ஒன்றாகவாவது ஓடுவார்கள்.

கையிருப்பு. 12-ஐயும் முன்வரிசையில் வைத்துவிட்டு ஓட்டை விழுந்ததும் அடைக்க ஆள் தேடினால் எங்கே கிடைக்கும்? இரண்டு எலிமென்ட் பின்னால் நிற்கட்டும், வரிசை குட்டையாக இருந்தாலும். வரிசையின் நுனிகளைக் காடு, சதுப்பு எதிலாவது சாய்த்துவிட்டால் குட்டை வரிசைக்கும் பயமில்லை.

அறிகுறி: என் யானை என் ஆட்களையே மிதிக்கிறது

வேலை செய்வது விதிதான். பின்வாங்கும் யானை வழியில் யார் நின்றாலும் அழிக்கும். தன் ஆள், எதிரி ஆள் என்று பார்க்காது. கி.மு. 217-ல் ராஃபியா போரில் எகிப்தின் தாலமியுடைய யானைகள் எதிரியின் யானைகளுக்கு அஞ்சித் திரும்பி, பின்னால் நின்ற தாலமியின் மெய்க்காவல் படைக்குள்ளேயே புகுந்தன. யானை எங்கே வந்தாலும் இதே தலைவலிதான்.

சரிசெய்ய: யானைக்குப் பின்னால் ஒரு பேஸ் ஆழத்துக்கு மேல் காலி விடுங்கள். "பலம் கூடட்டும்" என்று அதன் முதுகில் ஈட்டியை ஒட்டி நிறுத்துவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. அதோடு பல பதிப்புகளில் யானையைத் தனியாக நகர்த்த பிப் கூடுதலாகும். அதனால் தளபதிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். யானையை எதிர்கொள்கிறவர் என்றால் கி.மு. 202-ல் ஸாமாவில் ரோமத் தளபதி ஸ்கிபியோ செய்ததைச் செய்யலாம்: ரோமக் கூட்டங்களை ஒன்றின்பின் ஒன்றாக நிறுத்தி நடுவில் சந்து விட்டார், கார்த்தேஜியத் தளபதி ஹன்னிபாலின் யானைகள் பல அந்தச் சந்து வழியே போய்விட்டன. டிபிஏ-வில் சந்து விட்டால் ஓவர்லாப் விழும் என்பதால் அதை அப்படியே நகலெடுக்க முடியாது. யானைக்கு எதிரே சைலாயை நிறுத்துவது அதே காரியத்தைச் செய்கிறது.

அறிகுறி: ஒரு மணி நேரம் ஆகியும் படைகள் சந்திக்கவில்லை

விதிப்புத்தகத்தின் பதிப்பைப் பாருங்கள். 2.2 பதிப்பில் தூரம் பேஸ் அளவில் இல்லை, நூறு தப்படி கணக்கில் இருந்தது, 15 மி.மீ. பொம்மைக்கு நூறு தப்படி ஒரு அங்குலம். கனத்த காலாட்படை 200 தப்படி, அதாவது 5 செ.மீ. நகரும். 3 பதிப்பில் அதே படை 2 பேஸ் அகலம், 8 செ.மீ. நகரும். ஒருவர் பழைய அங்குலக் குச்சியோடும் இன்னொருவர் புதிய அட்டையோடும் ஆடியதை நானே பார்த்திருக்கிறேன்; ஒருவர் ஓடுகிறார், இன்னொருவர் நோன்புக் கஞ்சி வாங்கப் போகிற மாதிரி நடக்கிறார். எந்தப் பதிப்பு என்பதை முதலில் பேசி, 40 மி.மீ. கட்டம் போட்ட அளவுக்குச்சி ஒன்று செய்து இருவரும் அதையே பயன்படுத்துங்கள்.

பலகை அளவும் தப்பாக இருக்கலாம். 15 மி.மீ.க்கு 60 செ.மீ. சதுரம். 60 மி.மீ. பேஸ் என்றால் 90 செ.மீ. சதுரம் வேண்டும். 1/72 அளவு (உண்மை ஆளில் 72-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் பொம்மைகளை 60 மி.மீ. பேஸில் ஒட்டி 60 செ.மீ. பலகையில் இறக்கினால் 12 எலிமென்ட் நிற்கவே இடம் போதாது. அதற்கு நேர்மாறாகப் பெரிய சாப்பாட்டு மேசை முழுவதையும் பயன்படுத்துகிறவர்களுக்கு ஆட்டம் நடைப்பயணம் ஆகிவிடும்.

இரண்டு பேரும் குன்றின் மேல் ஏறி உட்கார்ந்து "நீ வா" என்றால்? அது மருந்தில்லா வியாதி. 40 நிமிடத்துக்கு மணி வைத்து, அதற்குள் தொடாவிட்டால் இருவருக்கும் தோல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: "தொட்டுடுச்சு", "தொடலை" என்று ஒவ்வொரு முறையும் சண்டை

விதியில் தகராறு மாதிரித் தெரியும். பாதிக்குப் பாதி தச்சு வேலையில் தகராறு.

டிபிஏ-வில் தொடுதல் என்றால் முன்விளிம்போடு முன்விளிம்பு, மூலையோடு மூலை. உங்கள் ஈட்டிகள் பேஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் விளிம்புகள் சேரவே சேராது. நடுவில் 5 மி.மீ. காற்று; அதை வைத்துத்தான் வாக்குவாதம் தொடங்கும். ஒட்டும்போதே பொம்மைகளைப் பின்னுக்குத் தள்ளி, ஈட்டியை நிமிர்த்தி ஒட்டுங்கள். தாழ்த்திய ஈட்டிதான் அழகு என்று அடம்பிடிப்பவர்கள் முன்வரிசை ஆட்களைக் கொஞ்சம் விலக்கி ஒட்டினால் எதிராளியின் ஈட்டி நடுவில் புகும்.

இரண்டாவது, பேஸ் அகலம். கையால் வெட்டிய பேஸில் அரை மி.மீ. கூடினால் யார் பார்க்கப் போகிறார்கள்? எட்டு பேஸ் சேர்ந்தால் 4 மி.மீ.; ஒரு பேஸின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கடைசி மூலை எதிரியின் மூலைக்கு நேராக வராது, ஓவர்லாப் உண்டா இல்லையா என்று இருவரும் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இரும்பு ஸ்கேலை வைத்து எட்டு பேஸை ஒட்டி அடுக்குங்கள். 320 மி.மீ. வர வேண்டும். 322 என்றால் விட்டுவிடலாம். 324 என்றால் 220 நம்பர் உப்புத்தாளைத் தட்டையாக வைத்து ஓரங்களைத் தேய்த்துவிடுங்கள். லேசரில் வெட்டிய எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) பேஸ் வாங்கினால் இந்த வேலையே இல்லை.

மூன்றாவதுதான் உண்மையான விதி விஷயம்: மிரட்டல் எல்லை. எதிரி எலிமென்ட்டின் முன்னால் ஒரு பேஸ் சதுர இடம் அவருடைய ஆளுகையில் இருக்கிறது. அதற்குள் வந்தவர் இஷ்டத்துக்கு உலாவ முடியாது. அவரை நோக்கிப் போகலாம், அவருக்கு நேராக வரிசைப்படுத்திக்கொள்ளலாம், நேராகப் பின்னால் விலகலாம், அவ்வளவுதான். 40 மி.மீ. சதுரமாக ஒரு பழைய விசிட்டிங் கார்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் எதிரியின் முன் வைத்தால் போதும், பேச்சு நிற்கும்.

அறிகுறி: பேஸ் அப்பளம் மாதிரி வளைகிறது

அட்டையின் மேல்பக்கம் மட்டும் ஃபெவிகாலும் தண்ணீரும் படுகிறது, காயும்போது அந்தப் பக்கம் சுருங்குகிறது. அட்டையை விட்டு 2 மி.மீ. எம்டிஎஃப்புக்கு மாறுங்கள். அட்டைதான் கையில் இருக்கிறது என்றால் அடிப்பக்கமும் ஒரு கோட் ஃபெவிகால் அடித்து, முக்கால் காய்ந்ததும் பிளாஸ்டிக் தாளை மேலே போட்டு கனத்த புத்தகத்தின் அடியில் ஒரு இரவு வையுங்கள். பொம்மை ஒட்டிய பிறகு வளைந்திருந்தால் அடிப்பக்கத்தை லேசாக ஈரப்படுத்தித் திருப்பி வளைத்துப் பார்க்கலாம். பாதி சரியாகும்.

அறிகுறி: பெயிண்ட் உரிகிறது, ஈட்டி தலைகுனிகிறது

இது 1/72 பொம்மைக்காரர்களின் பரம்பரைச் சாபம். அந்தப் பொம்மைகள் வளையும் பிளாஸ்டிக். அச்சிலிருந்து எடுக்க உதவும் எண்ணெய்ப் பூச்சு மேலே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் லிக்விட் போட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, முழுசாக உலரவிட்டு, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்த பிறகே அக்ரிலிக்கை எடுங்கள். பெயிண்ட் முடிந்ததும் ஃபெவிகாலைத் தண்ணீராகக் கலக்கி ஒரு கோட் கொடுத்தால் தோல் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஈட்டியை விரலால் வளைத்தால் எந்தப் பூச்சும் தாங்காது.

வளைந்த ஈட்டியைக் கொதித்த தண்ணீரில் சில விநாடி முக்கி, நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். இடுக்கியால் பிடியுங்கள், விரலைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். கொஞ்ச நாள் நிற்கும், பிறகு மறுபடியும் சாயும். நான் இப்போதெல்லாம் பொம்மையின் ஈட்டியை வெட்டி எறிந்துவிட்டு, கைமுட்டியில் ஓட்டை போட்டு பிளாஸ்டிக் துடைப்பத்தின் நார் ஒன்றைச் செருகிவிடுகிறேன். வளைந்தாலும் தானாக நிமிரும், கையில் குத்தாது. மாசிடோனியரின் சாரிஸா ஈட்டியை ஐந்தரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1/72-ல் 7.6 செ.மீ. வெட்ட வேண்டும். வீட்டுத் துடைப்பத்திலிருந்து பிடுங்காதீர்கள். புதுசு ஒன்று வாங்கினால் ஆயுள் முழுக்க வரும். எங்கள் வீட்டில் இந்தப் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

உலோகப் பொம்மையின் ஈட்டி உடைந்தால் எஃகுக் கம்பி வையுங்கள், கிடார் தந்தி கிடைத்தாலும் சரி. நுனியை மழுக்கிவிடுங்கள்.

அறிகுறி: மேட் வார்னிஷ் அடித்ததும் படை முழுக்கப் பனி மூடிவிட்டது

ஈரக் காற்று. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டை மாடியில் நின்று ஸ்பிரே அடித்தால் இதுதான் கிடைக்கும். என் ரோமர் படை ஒன்று அப்படி ஒரே மாலையில் விபூதி பூசிக்கொண்டு வந்தது. தூக்கி எறிய வேண்டாம். வெயில் காய்கிற, காற்று வறண்ட ஒரு நாளில் கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷை ஒரு கோட் அடியுங்கள். பெரும்பாலும் வெண்மை கரைந்து நிறம் திரும்பும். நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடியும் மேட், இந்த முறை பிரஷ்ஷால். டப்பாவைக் குலுக்காமல் அடித்தாலும், தூரத்திலிருந்து அடித்தாலும் இதே வெண்மை வரும் என்பதால் மழையை மட்டும் பழிக்காதீர்கள். ஒரு கெட்டுப்போன பொம்மையில் சோதித்துவிட்டுப் படைக்குப் போவதுதான் நல்ல பழக்கம்.

அறிகுறி: பழைய உலோகப் பொம்மையில் வெள்ளைப் பொடி

இது வார்னிஷ் இல்லை, ஈயம் அரிக்கிறது. பழைய பொம்மைகளில் ஈயம் அதிகம். ஓக் போன்ற மர அலமாரியிலிருந்தும் சில பசை, அட்டைகளிலிருந்தும் வரும் அமில ஆவி அதைத் தின்னும். பொடி விஷம். ஊதாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்துக் கையைக் கழுவுங்கள். மற்ற பொம்மைகளைக் காற்றோட்டமான பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். முகம், கை, மூக்கெல்லாம் கரைந்துபோனதை மீட்க முடியாது.

அறிகுறி: பேஸில் ஒட்டிய மண் குறைந்துகொண்டே வருகிறது

என் சொந்த முட்டாள்தனம். ஆற்று மணல் கிடைக்காத ஒரு இரவில் அடுப்படியில் இருந்த ரவையை ஃபெவிகாலில் ஒட்டி பெயிண்ட் அடித்தேன். பார்க்க அவ்வளவு அழகு. இரண்டு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் கார்த்தேஜிய இலகு குதிரையின் காலடியில் எறும்பு வரிசை, எங்கள் யாருடைய வரிசையையும்விட ஒழுங்காக. மணலைச் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்து ஒட்டுங்கள். கடற்கரை மணல் என்றால் இரண்டு தடவை கழுவுங்கள், உப்பு பூக்கும்.

அறிகுறி: எப்போதும் ஒரே படைதான் ஜெயிக்கிறது

காலம் தாண்டி மோதவிடுகிறீர்களா என்று பாருங்கள். டிபிஏ பட்டியல்கள் கி.மு. 3000-லிருந்து கி.பி. 1500 வரை போகின்றன. அலெக்சாண்டரை இடைக்கால நைட்டோடு மோதவிட்டால் ஆட்டம் நடக்கும், ஆனால் விதியின் எடைகள் அதற்காகப் போடப்பட்டவை அல்ல. அந்தக் காலத்தில் உண்மையிலேயே எதிரிகளாக இருந்த இரண்டு படைகளைச் சோடியாக வாங்குங்கள்: கிரேக்கர், பாரசீகர்; ரோமர், கார்த்தேஜியர். தமிழ்ப் படைக்கும் பட்டியல் உண்டு. யானை வேண்டுமென்றால் மேலே சொன்ன மிதிபடலும் கூடவே வரும். இரண்டு படையையும் நீங்களே பெயிண்ட் அடித்து வைத்துக்கொண்டால் எதிராளி வெறுங்கையோடு வந்தாலும் ஆடலாம். ஒரு ஆட்டம் முடிந்ததும் படையை மாற்றிக்கொண்டு மறுபடியும் ஆடினால், ஜெயித்தது படையா ஆளா என்பதும் தெரிந்துவிடும்.

அறிகுறி: வீட்டில் நன்றாக இருந்த படை, நண்பர் வீட்டுக்குப் போவதற்குள் உடைகிறது

பஞ்சு வைக்காதீர்கள், ஈட்டி மாட்டி இழுபடும். பேஸின் அடியில் காந்தத் தாளை ஒட்டி, தகர பிஸ்கட் டப்பாவில் நிறுத்துங்கள். டப்பாவைச் சாய்த்து, மெல்லக் குலுக்கிப் பாருங்கள். யானை நகர்கிறதா? அதற்கு மட்டும் இரட்டைத் தாள் ஒட்டுங்கள். பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், தலைக்கு மேல் பலகையில் வேண்டாம். பகடையை அதே டப்பாவில் போடாதீர்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு ஹாப்லைட்டின் (கிரேக்க ஈட்டி வீரரின்) தலையைத் தேடிப் போய் இடிக்கும்.